காவடிப் பால் திரிந்த வருஷம்

என் அப்பா பிறந்தது கரும்புத் தோட்டத்தில். எங்கள் தீவின் தெற்கே, செமின் கிரனியேவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரனின் தோட்டம். கூலிகளுக்கென்று கட்டிய குடிசை வரிசையில் கடைசிக் குடிசை அவர்களுடையது. எட்டு வயதிலேயே களை பிடுங்க இறக்கிவிட்டார்கள். கரும்புத் தோகை கீறிய தழும்புகள் கடைசிவரை அவர் கையில் இருந்தன. சின்ன வயசைப் பற்றிக் கேட்டால், "அங்க என்ன இருந்துச்சு? பசியும் கரும்பும்தான்" என்று முடித்துவிடுவார்.

கூலிகள் வேலையை நிறுத்திய அந்தக் கலவர வருஷத்தில் தாத்தா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. குடிசையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு தலைநகர் போர்ட் லூயிக்கு வந்து, துறைமுகத்தை ஒட்டிய ரோஷ் புவாவில் ஒரு தகர வீட்டில் ஒண்டினார்கள். மீசை முளைக்கும் வயதில் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார். என்ன மூட்டை? சர்க்கரை மூட்டை! எந்தச் சனியனை விட்டு ஓடி வந்தாரோ, அதையே சாக்கில் கட்டி முதுகில் ஏற்றிவிட்டார்கள்.

ஆனால் அந்த வேலையில் அவருக்குக் கர்வம் இருந்தது. கிடங்கிலிருந்து படகுவரை பலகைமேல் ஆடாமல் நடப்பார். தெருவில் அவரை எல்லோரும் மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். எனக்குப் பதினோரு வயதானபோது கிடங்கில் அடுக்கு சரிந்து ஒரு மூட்டை அவர் வலது முழங்காலில் விழுந்தது. இரண்டு மாதம் வீட்டில் கிடந்தார். அவர் கும்பலின் கங்காணி வந்து பார்த்துவிட்டு, "காவடி முடிஞ்ச திங்கக்கிழமை வா. என் கண்ணு முன்னால ஒரு மூட்டை தூக்கிக் காட்டு. தூக்கிட்டா உன் இடம் உனக்கு. இல்லன்னா வேற ஆள் நிக்குறான்" என்று சொல்லிப் போனார்.

அப்பா முருகனுக்கு வேண்டிக்கொண்டார். பத்து நாள் விரதம். வீட்டில் மீன் வாசனைகூடக் கிடையாது. காவடியின் இரண்டு பக்கமும் பால் சொம்பு கட்டுவார்கள். ஆற்றங்கரையிலிருந்து கோயில்வரை வெயிலில் நடந்து, அங்கே சொம்பைத் திறக்கும்போது பால் பாலாகவே இருக்க வேண்டும். திரிந்திருந்தால் விரதத்தில் குறை, சாமி ஏற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். எங்கள் ஊரில் இதைச் சந்தேகப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

முந்தின நாள் பித்தளைச் சொம்பு இரண்டையும் தேய்க்கும் வேலை எனக்கு. "வெளிய மட்டும் புளி போடு" என்றாள் அம்மா. நான்தான் பெரிய கெட்டிக்காரி ஆயிற்றே! உள்ளேயும் கையை விட்டுப் புளியை அப்பித் தேய்த்தேன். தெருக்குழாயில் தண்ணீர் நின்றுபோயிருந்தது. வீட்டில் இருந்த அரை வாளியில் ஒரு அலசு அலசிக் கவிழ்த்துவிட்டேன்.

மறுநாள் அப்பா நாக்கில் வேல் குத்திக்கொண்டு, செருப்பில்லாமல், கொதிக்கிற தாரில் நடந்தார். அந்தக் கால் தாங்கியது! கோயில் படியைக்கூட யாரையும் பிடிக்காமல் ஏறினார். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. ஐயர் சொம்பைத் திறந்து சாய்த்தார். கட்டி கட்டியாக விழுந்தது. இரண்டாவது சொம்பும் அப்படித்தான். யாரோ "ஆயோ!" என்றார்கள். அப்பா கூட்டத்தைப் பார்க்கவில்லை, தன் கால்களையே பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். நான் அம்மாவைக் கொல்லைக்கு இழுத்துப் போய்ச் சொன்னேன்: புளி, அரை வாளித் தண்ணீர், எல்லாம். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அம்மா என் தோளைப் பிடித்து, எங்கள் வீட்டுக் கிரியோலில், "பா கோஸே" என்றாள். பேசாதே என்று அர்த்தம். பிறகு தமிழுக்கு மாறினாள்; ஆத்திரம் வந்தால் அவளுக்குத் தமிழ்தான் வரும்.

"இன்னொரு தடவை விழுந்தா காலையே எடுக்கணும்னு டாக்டர் என்கிட்ட சொல்லியிருக்கார். நான் எத்தனை சொன்னாலும் இந்த மனுஷன் கேக்க மாட்டார். சாமி சொன்னா கேப்பார். சொல்லிடுச்சுன்னே இருக்கட்டும்."

"நான் செஞ்சதும்மா!"

"நீ செத்தாலும் வாயைத் திறக்கக் கூடாது."

திங்கட்கிழமை அப்பா போகவில்லை. கங்காணி வேறு ஆளை வைத்துக்கொண்டார். கால் காப்பாற்றப்பட்டது, அது உண்மைதான். அப்புறம் சந்தையில் அழுகின கோஸ் இலையைக் கூட்டுகிற வேலை கிடைத்தது. பழைய கூட்டாளிகள் அந்த வழியாக வந்தால் தலையைக் குனிந்துகொள்வார். அம்மா வீட்டிலேயே ஊரார் துணியைத் துவைத்து இஸ்திரி போட்டாள். உதவிக்கு நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றேன். எல்லாவற்றையும் விடக் கொடுமை, தான் என்ன பாவம் செய்தோம் என்று அப்பா தேடிக்கொண்டே இருந்ததுதான். விரதத்தில் தாகத்துக்கு யாரோ கொடுத்த தண்ணீரா, கங்காணியை மனசுக்குள் திட்டியதா என்று சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்பார். அம்மா வாயைத் திறக்காமல் குழம்பு ஊற்றுவாள். அவளை நான் வெறுத்தேன். என்னையும்தான். அன்றைக்குப் போயிருந்தால் தூக்கியிருப்பாரா, விழுந்திருப்பாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அப்பா நெஞ்சில் சளி கட்டிப் படுக்கையில் விழுந்தார். ஒரு மத்தியானம், "எந்தப் பாவம்னு தெரியாமலே போகப் போறேன்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்க ஒரு பாவமும் பண்ணலப்பா. நான்தான் சொம்புக்குள்ள புளி போட்டுத் தேச்சேன், சரியா அலசல" என்று கொட்டிவிட்டேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத. புளிக்காகவா இத்தனை வருஷம் துணி துவைச்சோம்னு மனசு ஒடிஞ்சு போயிடுவா."

சரி என்று தலையாட்டினேன். தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்றது. துணி தீய்கிற வாசனை வரும்வரை அவள் பெட்டியைத் தூக்கவில்லை.