மதராஸ் சம்பளமும் நாரணாபுரத்துப் பெட்டிகளும்

1. இருபதாம் தேதி

மதராஸில் நான் வாங்கிய முதல் மாதச் சம்பளம் இருபதாம் தேதியே தீர்ந்துபோனது. நூற்று நாற்பது ரூபாய்! அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு டிரைவருக்கு அது சின்னத் தொகை இல்லை. என் மனைவி பாக்கியம் எனக்குத் தெரியாமல் அவள் தம்பிக்குப் பணம் அனுப்புகிறாள் என்றே நினைத்தேன். இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அதற்கு முன் ஆறு வருடம் சிவகாசியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் லைன் வண்டி ஓட்டினேன். அங்கே லோடு ஏற்றி மதராஸில் இறக்கிவிட்டு, பெரும்பாலும் காலி வண்டியோடு திரும்புவேன். சம்பளம் எண்பத்தைந்து, சாப்பாட்டுச் செலவுக்குப் படி தனி. மாதத்தில் நாலைந்து நாள்தான் வீட்டில் இருப்பேன். என் சின்ன மகள் என்னை அப்பா என்று கூப்பிடாமல் 'லாரிக்காரு' என்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள், எனக்குச் சுருக்கென்று குத்தும்.

கம்பெனி ராயபுரத்தில் குடோன் திறந்தபோது, அங்கிருந்து கடைகடையாகச் சரக்குப் போட ஒரு டிரைவர் வேண்டும் என்றார் முதலாளி. சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம், சம்பளமும் அதிகம். நான் முந்திக்கொண்டேன். சிவகாசிப் பக்கம் நாரணாபுரத்தில் இருந்த சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு, மனைவியையும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு போனேன். கெட்டும் பட்டணம் சேர் என்பார்கள். நான் கெடாமலே சேர்ந்தேன், சேர்ந்த பிறகுதான் கெட்டேன்.

"காசெல்லாம் எங்க போச்சு?" என்று அன்று அதட்டினேன்.

பாக்கியம் அசரவில்லை. "ஏன், முந்தியில முடிஞ்சு வச்சிருக்கேன்னு நினைக்கீகளா? வாடகை முப்பது ரூவா. ஊர்ல விறகு சும்மா கெடந்துச்சு, இங்கன கருவேப்பிலைக்குக்கூடக் காசு. முன்னாலல்லாம் நீங்க கிளப்புக்கடையில சாப்பிடுறதுக்குக் கம்பெனி படி குடுத்துச்சு. இப்பம் அதுவும் நம்ம கைக்காசுதான?"

"ஊர்ல எண்பத்தஞ்சு ரூவாயில குடும்பம் நடக்கலையா?"

"உங்க எண்பத்தஞ்சுல மட்டுமா நடந்துச்சு?"

 ஊரில் அவள் தினமும் தீப்பெட்டிக்கு வெறும்பெட்டி ஒட்டினாள். ஏஜெண்டு மரச்சீவலும் நீலத் தாளும் கொண்டுவந்து கொடுப்பார். அவள் ஒட்டிக் காயவைத்து, சனிக்கிழமை பன்னிரண்டு டஜன் ஒரு குரோஸ் என்ற கணக்கில் கூலி வாங்குவாள். அரிசியும் பருப்பும் அந்தக் கூலியில்தான் வந்தன என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அதை நான் ஏதோ பொழுதுபோக்கு என்றே நினைத்திருந்தேன்.

2. மரச்சீவல் மூட்டை

குடோன் மேனேஜரிடம் முன்பணம் கேட்டேன். அவர் பணத்துக்குப் பதில் யோசனை கொடுத்தார்.

"குடும்பத்த ஊருக்கு அனுப்பிட்டு இங்கனயே படுத்துக்கிடும். மத்த டிரைவர்லாம் அப்படித்தான இருக்காக?"

பாக்கியத்திடம் சொன்னேன். "மறுபடியும் லாரிக்காரு ஆகப் போறீகளா?" என்று கேட்டவள், ஒரு வழியும் சொன்னாள். லைன் வண்டி வாரம் இரண்டு தடவை ராயபுரம் வருகிறது. வரும்போது சீவலும் தாளும் கொண்டுவரட்டும்; காலியாகத் திரும்பும்போது ஒட்டிய பெட்டிகளை ஏற்றிப் போகட்டும்.

லைன் வண்டியில் என் இடத்துக்கு வந்திருந்த சீனி சிரித்துவிட்டான். "மதராஸ்ல ஒட்டுன பொட்டியா? நல்லா இருக்குண்ணே!" ஆனாலும் ஏஜெண்டிடம் பேசி மூட்டையைக் கொண்டுவந்து போட்டான். மேனேஜரும் கண்டுகொள்ளவில்லை.

எங்கள் ஒற்றை அறையில் கால் வைக்க இடம் இல்லாமல் பெட்டிகள் குவிந்தன. வீட்டுக்கார அம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா இது, பொம்மைக்கு வூடு கட்றியா?" என்றாள். பாக்கியம் பத்து நாள் முதுகு நிமிராமல் ஒட்டினாள். அந்தப் பத்து நாளும் வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டது.

3. பூஞ்சை

பெட்டிகளை ஏற்றிப் போன சீனி அடுத்த நடையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"அண்ணே, பொட்டி பூராவும் பூஞ்சை பூத்துருச்சு. உரசுற பக்கத்துல மருந்து நிக்காதுன்னு ஏஜெண்டு எடுக்கல. சீவல் காசயும் கேக்காரு."

ஊரில் பசை வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். மழை பொய்த்த ஊர் என்று நாங்கள் சலித்துக்கொண்ட அதே வறட்சிதான் எங்களுக்குத் தொழில் கொடுத்தது. ராயபுரத்தின் கடல் காற்றில் பசை காயவே இல்லை. பாக்கியம் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தத்தைக் கூட்டிப் பார்த்தாள், விறகடுப்புப் பக்கம் அடுக்கிப் பார்த்தாள். இரண்டாவது லோடும் தள்ளுபடி ஆனது. அன்றைக்கு அவள் அழுதாள். பூஞ்சை பூத்த பெட்டிகளை அடுப்பில் போட்டுத்தான் சோறு பொங்கினோம்.

4. குறைந்த சம்பளம்

நான் சீனி வண்டியிலேயே ஏறிச் சிவகாசி போய் முதலாளி முன்னால் நின்றேன். ஊருக்கே மாற்றிவிடுங்கள் என்றேன்.

"லைன் வண்டியில இடம் இல்லையேப்பா. விருதுநகர் ரயிலுக்கு லோடு அடிக்கிற வண்டிதான் இருக்கு. அறுவத்தஞ்சு ரூவா. பரவாயில்லையா?"

"பரவாயில்ல முதலாளி."

கணக்குப்பிள்ளை பேனாவை வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். முதலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏலே, நூத்தி நாப்பத விட்டுட்டு அறுவத்தஞ்சுக்கு வாரேங்கிற. பட்டணத்துல ஏதும் வம்பு பண்ணிட்டியா? இல்ல, சம்பளம் பத்தலையா?"

"என் சம்பளம் ஏறத்தான் செஞ்சுச்சு முதலாளி. அங்க போனதுல என் வீட்டுக்காரி சம்பளம் நின்னுபோச்சு."

"பொட்டி ஒட்டுறதெல்லாம் ஒரு சம்பளமாலே?"

"ஆமா முதலாளி. ஆறு வருசமா நான் தின்ன சோறு அதுலதான் வந்திருக்கு."

அவர் ஒன்றாம் தேதியிலிருந்து வரச் சொன்னார்.

அதன்பிறகு பதினெட்டு வருடம் அந்த வண்டியை ஓட்டினேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் இருப்பேன். சின்னவள் அப்பா என்று கூப்பிடக் கற்றுக்கொண்டாள். வசதி வந்துவிடவில்லை, ஆனால் பாக்கியத்தின் பெட்டிக் கூலியோடு மாதக் கடைசி வரை சோறு இருந்தது.

இப்போதும் இளவட்ட டிரைவர்கள் பெரிய ஊரில் இவ்வளவு தருகிறார்கள், போகலாமா என்று என்னிடம் யோசனை கேட்கிறார்கள். போகட்டும், தப்பில்லை. வாடகை என்ன, அரிசி என்ன விலை என்று விசாரிப்பதோடு, நீ போனால் உன் வீட்டில் யாருடைய வேலை நின்றுபோகும் என்றும் கேட்டுக்கொள் என்பேன். நான் அதைக் கேட்கவில்லை. முதலாளியிடம் சரி என்று சொல்லி, லாரியில் பாதிச் சாமானை ஏற்றிய பிறகுதான், மதராஸ் போகிறோம் என்று பாக்கியத்திடம் சொன்னேன்.