நானா கேஸ்

பக்கத்து மனையில் கிரானைட் அறுக்கிறார்கள். தண்ணீர் விட்டு அறுத்தாலும் அந்த வாசனை வந்துவிடுகிறது. சூடேறிய கல்லின் வாசனை. உரசிய தீக்குச்சிக்கும் ஈரச் சுண்ணாம்புக்கும் நடுவில் ஒன்று. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறேன். அது இப்போது எனக்கு ஒரு பயணம். நடுவழியில் கட்டில் விளிம்பைப் பிடித்து இளைப்பாற வேண்டும்.

இளம் வயதில் ராணுவத்தின் பொறியாளர் பிரிவில் இருந்தேன். எல்லை மலையில் சாலைக்காகப் பாறையைத் துளைக்கும் வேலை. டிரில்லின் ஒரு பக்கம் நான், மறுபக்கம் ராயபுரம் அந்தோணி. மாலையில் இருவரும் தலைமுதல் கால்வரை வெளுத்திருப்போம். "இன்னா மாமு, பவுடர் பூசிகினு பொண்ணு பாக்கவா போறே?" என்பான். சிரிப்போம். சிரித்த வாய் வழியாகவும் அந்தக் கல்மாவுதான் உள்ளே போனது.

ஒரே குளிர்காலத்தில் இருவருக்கும் மூச்சிரைப்பு தொடங்கியது. இருவரையும் ஊருக்கு அனுப்ப முடிவானது. அதற்குமுன் மருத்துவக் குழு (நோய் பணியால் வந்ததா என்று தீர்மானிக்கும் டாக்டர்கள்) விசாரிக்கும். முதலில் என்னை அழைத்தார்கள்.

உன் ஊரில் என்ன இருக்கிறது என்று இந்தியில் கேட்டார் பெரிய டாக்டர்.

அத்தனை வருடத்தில் ஒருவரும் என் ஊரைக் கேட்டதில்லை. எண்ணூர் என்றேன். அதற்குமேல் வாய் நிற்கவில்லை. வானத்தை முட்டும் புகைபோக்கிகளைச் சொன்னேன். கப்பலில் வந்து குவியும் நிலக்கரியைச் சொன்னேன். மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி மாலைக்குள் சாம்பல் நிறமாவதைக்கூடப் பெருமையாகத்தான் சொன்னேன். அவர் தலையாட்டியபடி எழுதிக்கொண்டார்.

"ஊரப் பத்திலாம் கேக்குறாருடா, நல்ல மனுசன்" என்றேன் வெளியே வந்து.

அந்தோணியின் முகம் மாறியது. "அத்த இன்னாத்துக்குடா சொன்னே, பேமானி!" என்றவன், தன் முறை வந்ததும் உள்ளே போய், எங்கள் பக்கம் வெறும் கடல் காற்றுதான் என்று சொல்லிவிட்டு வந்தான்.

அவனுடையது பணியால் வந்த நோய் என்றானது. பென்ஷன், மருத்துவ அட்டை. என்னுடையது ஊர்ப் புகையால் வந்ததாம். பணியால் வந்ததுமில்லை, பணியால் கூடியதுமில்லை. ஆங்கிலத்தில் அதற்கு நான்கு சொற்கள். முதலெழுத்துகளைச் சேர்த்து வாசித்தால் 'நானா'. ஊர் திரும்பி, அட்டை கேட்டுப் போய் நின்ற அலுவலகத்தில், "நீங்க நானா கேஸ்ப்பா, இங்க வராதீங்க" என்றார்கள். புரியாமல் நெஞ்சைத் தொட்டு, "நானா?" என்று கேட்டேன். ஜன்னலுக்கு உள்ளே சிரித்தார்கள்.

இதே இரைப்போடு இதை வாசிப்பவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊரைக் கேட்டால் வேலையைச் சொல்லுங்கள். ஊர்மீது உள்ள பாசம் கோப்பில் நோயாகத்தான் ஏறும்.

அரசு மருத்துவமனையில் நெடுங்காலம் என்னைக் காசநோய்க்காரனாக வைத்திருந்தார்கள். பிறகு ஒரு டாக்டரம்மா வந்தார். என் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இந்த முடிச்ச சுத்தி முட்டை ஓடு மாதிரி தெரியுது பாருங்க. இது சாம்பல் இல்ல, கல்லு. எங்க வேலை பார்த்தீங்க?"

சிலிகோசிஸ் (கல்தூசி படிந்து நுரையீரல் தழும்பாகி இறுகும் நோய்). குணமாகுமா என்றேன். "ஆகாதுங்க. வீட்ல ஆக்சிஜன் மிஷின் இருந்தா தாங்கலாம்" என்றார். ஒளிக்காமல் சொன்னார். அதற்கே அவரைக் கும்பிடத் தோன்றியது.

மிஷின் வேண்டுமென்றால் அட்டை வேண்டும். அட்டைக்கு மேல்முறையீடு. டாக்டர் எழுதியது மட்டும் போதாது, அந்தப் பாறையில் கூட நின்ற ஒருவர் வந்து சொல்ல வேண்டும் என்றார் வக்கீல்.

ராயபுரத்துக்குப் போனேன். அந்தோணியின் மூக்கில் குழாய். மூலையில் மிஷின் பூனை போல உறுமிக்கொண்டிருந்தது. "இந்த கார்ட காட்னா பெரிய ஆஸ்பத்திரில பெட்டு இல்லன்றான் மாமு. மாத்திர கேட்டா அடுத்த வாரம் வான்றான்" என்றான், என்னைத் தேற்றுவதுபோல. வந்த காரியத்தைச் சொன்னேன். அவன் மனைவி ஸ்டெல்லாதான் பேசினாள்.

"அண்ணே, கோச்சுக்காதீங்க. இவரு வந்து நின்னா, ரெண்டு பேரும் ஒரே பக்கத்து ஆளு, ஒரே சீக்கு, ஒருத்தனுக்கு மட்டும் எப்டி குட்த்தோம்னு இவரு கேஸயும் தோண்டுவானுங்க. மிஷின புடுங்கிகினு பூட்டா ஒரு ராத்திரி தாங்குவாரா?"

அவள் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் கசந்தது.

இப்போதெல்லாம் ஒரு வாக்கியத்தை எங்கே உடைப்பது என்று யோசித்துவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறேன். உடம்பு எனக்குள் ஓர் ஒண்டுக்குடித்தனக்காரனைப் போல, இருக்கும் இடத்தைச் சுருக்கிக்கொண்டே வருகிறது. நாளை என்றால் எனக்கு ஒரு மாடிப்படி. ஏறிப் பார்த்தால்தான் தெரியும்.

அன்று அங்கிருந்து கிளம்பினேன். அந்தோணி குழாய் எட்டும் தூரம்வரை வந்தான். அது வாசற்படியோடு நின்றது.

"அந்தோணி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த மலைல, டிரில்லுக்கு அந்தாண்ட நின்னுகினு இருந்தது... யாருடா?"

அவன் உள்ளே திரும்பி ஸ்டெல்லாவைப் பார்த்தான். நெஞ்சில் கிடந்த குழாயைத் தொட்டான்.

"நானா?" என்றான்.