டே ஸ்காலர் என்று குறித்த வட்டம்

கல்லூரி விடுதி அலுவலகத்தின் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் அன்று எங்கள் வீட்டிலிருந்து வந்து நின்றவர்கள் நானும் அப்பாவும்தான். அம்மா வரவில்லை, வாழைத் தோட்டத்தில் அவளுக்கு அன்று வேலை இருந்தது. அக்காவும் வரவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல். ஏரலில் கம்ப்யூட்டர் கடை வைத்து எனக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்த அண்ணாச்சியும் உடன் இல்லை. இருந்திருந்தால் அப்பா அவரைத்தான் திட்டியிருப்பார். ஆனால் தப்பு என்னுடையது.

விண்ணப்பத்தில் இரண்டு வட்டங்கள் இருந்தன. ஒன்று ஹாஸ்டலர், இன்னொன்று டே ஸ்காலர். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் படித்ததில்லை. ஸ்காலர் என்ற சொல்லை நான் ஸ்காலர்ஷிப்பில் மட்டுமே பார்த்திருக்கிறேன். நன்றாகப் படிக்கிறவனுக்கு உதவித்தொகையோடு அறையும் தருவார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன்.

"டே ஸ்காலர்தானா தம்பி?" என்று கடைக்காரர் கேட்டது நினைவிருக்கிறது.

"ஆமா அண்ணாச்சி" என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னதும் நினைவிருக்கிறது. அப்பா எங்கள் ஊரான கொற்கையின் டீக்கடையில் ஒரு வாரம், "பயலுக்கு ஸ்காலர் கெடச்சிருக்கு வே" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அலுவலகத்து அக்கா பட்டியலை இரண்டு முறை பார்த்தார். "உங்க பேரு இங்கன இல்லையே தம்பி. நீங்க டே ஸ்காலர்லா?"

"ஆமாக்கா. ஸ்காலர்."

"அதான். வீட்ல இருந்து வந்து போறவங்க."

அவர் சிரிக்கவில்லை. அறைகள் எல்லாம் நிரம்பிவிட்டன, யாராவது காலி செய்தால் கூப்பிடுகிறேன் என்றார்.

"என்னலே சொல்லுதாவ?" அப்பா கேட்டார். ஒரு கையில் புது வாளி, இன்னொரு கையில் சுருட்டிய பாய். சொன்னேன்.

"அப்ப வந்து போ."

எங்கள் ஊரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, ஏரலில் மாறி, திருநெல்வேலியில் மாறி வந்து சேர்ந்தால் இரண்டு வகுப்பு முடிந்திருக்கும். தினமும் அப்படி என்றால் வருகைப் பதிவு குறையும். குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அலுவலகத்து அக்கா இதையும் பொறுமையாகச் சொன்னார். அப்பா கொஞ்ச நேரம் வாளியைப் பார்த்தார். பிறகு, "கட்டின பணத்த எங்கன போய்த் திருப்பி வாங்கணும்மா?" என்று கேட்டார். என் படிப்பு அந்த ஒரு கேள்வியில் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

எங்களுக்குப் பின்னால் கல்லூரி பஸ் பாஸுக்கு நின்ற இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். முதலில் சிரித்தான், பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"மேலப்பாளையத்துல எங்க வீட்டு மாடி பூட்டித்தான் கெடக்கு. அண்ணன் துபாய்ல இருக்கான். உம்மாட்ட கேட்டுப் பாப்போம், வாலே ஸ்காலரு."

அவன் உம்மா போனில் சரி என்று சொல்லவில்லை. ஆளைக் கூட்டி வா என்று மட்டும் சொன்னார்.

அந்த வீட்டில் அப்பா வாசல்படியைத் தாண்டவில்லை. உம்மா கதவுத் திரைக்கு உள்ளே நின்று பேசினார்.

"அண்ணே, பையன் சிகரெட்டு குடிப்பானா?"

"இல்ல தாயி."

"நாங்க ஆக்குத கறி மீனெல்லாம் திம்பானா?"

"குடுத்தா சட்டியையும் சேத்துத் தின்னுருவான்."

உள்ளே சிரிப்புக் கேட்டது. வாடகை எவ்வளவு என்று அப்பா தயங்கிக் கேட்டார்.

"மாசம் ஆயிரம் குடுங்க. சாப்பாடு கீழ எங்களோட."

"ஒழுகுத மாடியா இருக்கும்லே" என்று அப்பா வெளிப்பக்க மாடிப்படி ஏறும்போது காதில் சொன்னார். மேலே பளிங்குபோல டைல்ஸ், மின்விசிறி, தனிக் குளியலறை. அப்பா குழாயைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தார். ஊர் திரும்பும்போது வாளியை மட்டும் மறந்து கையோடு கொண்டுபோய்விட்டார்.

காலை ஏழு மணிக்கு, என் நண்பனாகிவிட்ட அவனும் நானும் கடைத்தெருவில் கல்லூரி பஸ்ஸுக்கு நிற்போம். ஒரு நாளும் முதல் வகுப்பு தவறவில்லை. நோன்பு மாதத்தில் எல்லோரும் பட்டினியாக இருக்க நான் மட்டும் மதியம் சாப்பிடக் கூச்சப்பட்டு, பசிக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

"நோன்பு எங்களுக்கு. உனக்குப் பரீச்ச. பேசாம சோத்தத் தின்னு" என்று உம்மா தட்டை என் பக்கம் தள்ளினார். சாயங்காலம் கஞ்சியும் எனக்கு உண்டு. இரண்டு பக்கமும் லாபம் பார்க்கிறவன் என்று நண்பன் கேலி செய்வான்.

முதல் ஆண்டுப் பரீட்சை எல்லாவற்றிலும் தேறினேன். இரண்டாம் ஆண்டுக்கு விடுதியில் இடம் கிடைத்தது. நான் பெட்டியை இறக்கிய அன்று வீட்டுத் தரகர் ஒருவர் வாசலில் நின்றார்.

"இப்பவாவது மாடிய வாடகைக்குத் தருவாவளா தம்பி? போன வருசம் மாசம் நாலாயிரத்துக்குப் பேசி, அட்வான்ஸும் வாங்கிட்டு, மறுநாளே திருப்பித் தந்துட்டாவ. யாரோ படிக்கிற பையன் வாரான்னு சொன்னாவ."

நண்பனைப் பார்த்தேன். "அத விடுலே, பெட்டியப் பிடி" என்றான். உம்மாவிடம் போய் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். வெள்ளிக்கிழமை சாப்பிட வந்துரணும் என்றார்.

பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாலாயிரத்தில் நான் கொடுத்த ஆயிரம் போக மாதம் மூவாயிரம்; பத்து மாதம் அங்கே இருந்தேன். சோறும் கறியும் சேர்க்காமல், மாடிக்கு மட்டும், நான் முதல் ஆண்டு படித்து முடித்ததில் அவர்களுக்கு ஆன செலவு முப்பதாயிரம் ரூபாய்.