ஏவிஸ் எம்ப்டேஜின் மஞ்சள் சிப்பி

"பின்னாடி திருப்பிப் பாரு கண்ணு," என்றார் ஏவிஸ்.

சுவரெல்லாம் சிப்பி பதித்த சிப்பிக் குகையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. என் முன்னால் பிரித்த உறை ஒன்று. உள்ளே பஞ்சில் சுற்றிய சின்னச் சிப்பி, கூடவே லீட்ஸிலிருந்து ஒரு பெரியவர் எழுதிய கடிதம். ஐம்பத்தொரு வருடங்களுக்கு முன்னால், பள்ளிச் சுற்றுலா வந்தபோது, குகைச் சுவரிலிருந்து அதைப் பெயர்த்து எடுத்துவிட்டாராம். மன்னிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்.

"பாத்தேன். வழுவழுன்னு இருக்கு."

"காரை ஒட்டியிருக்கா?"

"இல்ல."

"அப்ப நம்ம சிப்பி இல்ல. சுவத்துல இருந்து பேத்தா காரையும் கொஞ்சம் கூடவே வரும். இது கடற்கரையில பொறுக்குனது. பாவம் மனுசன், திருடாததுக்கு அம்பது வருசமா உறுத்தல்."

நுழைவுச்சீட்டு கொடுக்கும் இடத்திலிருந்து டெஸ்மண்ட் குரல் கொடுத்தார். "பதில் எழுதிப் போடு. ஐயா, நீங்க யோக்கியர்தான், ஞாபகம்தான் மோசம்னு."

"நீ உன் டீயைக் குடி டெஸ்மண்ட். ஆறிக் கெடக்கு, உன் ஜோக்கு மாதிரி."

"நெஜமா என்ன எழுதணும், மிஸஸ் எம்ப்டேஜ்?" என்று கேட்டேன்.

"ஏவிஸ்னே கூப்பிடு. மிஸஸ் எம்ப்டேஜ்ங்கறது என் மாமியார். அந்தப் பேரக் கேட்டா இன்னும் முதுகு சில்லிடுது. 'கிடைச்சுது, நன்றி'ன்னு எழுது, போதும். திருடலன்னு மட்டும் சொல்லாத."

"ஏன்? சொன்னா அவருக்கு நிம்மதியா இருக்குமே."

ஏவிஸ் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். மூன்றாவது படியில் நின்றார்.

"அம்பது வருசம் சுமந்தது ஒண்ணுமே இல்லன்னு ஒருத்தன் வந்து சொன்னா, அது நிம்மதியா கண்ணு?"

அப்படியே எழுதி அனுப்பினேன். எங்கள் கடற்கரை ஊரான மார்கேட்டுக்கு வரும் பிரெஞ்சுப் பள்ளிக் குழந்தைகளிடம் பேசவும், இந்த மன்னிப்புக் கடிதங்களுக்குப் பதில் எழுதவும்தான் என்னை வைத்திருந்தார்கள். என் அம்மா பிரெஞ்சுக்காரர், கடலுக்கு அந்தப் பக்கம் கலே ஊர். நான் இரண்டு மொழியிலும் படித்தவள். மாதத்துக்கு நான்கைந்து உறைகள் வரும். காரை ஒட்டியவை ஒரு பெட்டிக்குள் போகும். ஒட்டாதவை டெஸ்மண்டின் மேசைமேல் இருந்த ஊறுகாய் ஜாடிக்குள் போகும். ஜாடிதான் சீக்கிரம் நிறைந்தது.

ஏவிஸுக்கு அப்போது அறுபத்தைந்து வயது. குகையைப் பெருக்கித் துடைக்கும் வேலைக்கு இருபத்தொரு வருடங்களுக்கு முன் வந்தவர். அதற்கு முன் கடற்கரைச் சாலையில் ஒரு மீன் வறுவல் கடையில் இருந்தார். எண்ணெய் தெறித்த தழும்புகள் முழங்கைவரை உண்டு. கணவர் ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் சிகரெட் வாங்கப் போனவர், டோவரில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்துவதாகப் பிறகு தெரிந்தது. "நல்ல சிகரெட்டா பாத்து வாங்கப் போயிருக்கான்," என்பார் ஏவிஸ். தன்னைப் பற்றி அவர் தானாகச் சொன்னது அவ்வளவுதான். ஒரு மகன் இருந்தான், பெயர் ராய்ஸ்டன், பத்தொன்பது வயதில் கடலில் போய்விட்டான் என்பதை டெஸ்மண்ட்தான் சொன்னார். ராம்ஸ்கேட்டிலிருந்து கடல் நத்தை பிடிக்கப் போன படகு. படகு மறுநாள் கிடைத்தது. அவன் கிடைக்கவேயில்லை. ஏவிஸுக்குப் பூ வைக்க ஒரு கல்லறைகூட இல்லை.

குளிர்காலத்தில் திங்கட்கிழமைகளில் குகை மூடியிருக்கும். ஒரு திங்கள் மதியம், மறந்து வைத்த குடையை எடுக்க வந்தேன். சாவி என்னிடம் இருந்தது. கீழே விளக்குகள் எரியவில்லை. ஆனால் வெளிச்சம் அசைந்தது.

சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த அந்தப் பாதையின் திருப்பத்தில், வட்டக் கூடத்துச் சுவரோடு முகத்தை ஒட்டிக்கொண்டு ஏவிஸ் நின்றிருந்தார். வாயில் சின்ன டார்ச். இடதுகை விரலால் சுவரில் ஒரு பள்ளத்தைத் தடவினார். வலதுகையால் எதையோ அதில் பொருத்தினார், திருப்பினார், மறுபடி பொருத்தினார். எடுத்துவிட்டு அடுத்த பள்ளத்துக்குப் போனார்.

சிப்பி விழுந்த இடத்தில் காரை அதன் அச்சை அப்படியே வைத்திருக்கும். ஈர மாவில் விரல் வைத்து எடுத்தது போல. ஒவ்வொரு சிப்பிக்கும் அதன் அச்சுத்தான் பொருந்தும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும்.

என் செருப்புச் சத்தம் கேட்டு டார்ச்சை வாயிலிருந்து எடுத்தார்.

"சுவத்தைத் தொடக்கூடாதுன்னு நான்தான் எல்லாரையும் அதட்டுவேன். இப்ப நீ என்னை அதட்டு."

"என்ன தேடுறீங்க ஏவிஸ்?"

உள்ளங்கையை விரித்தார். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய நத்தைச் சிப்பி. மஞ்சள். எலுமிச்சைத் தோல் போல மஞ்சள்.

குகைச் சுவரில் இருந்த அந்த வகைச் சிப்பி எதிலும் நிறம் மிச்சமில்லை. நூறு வருட விளக்குப் புகை குடித்து எல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டன. அவரே சொன்னார்.

ராய்ஸ்டனுக்கு எட்டு வயது. பள்ளியிலிருந்து குகைக்குக் கூட்டிப் போனார்கள். அதன்பின் கடற்கரையில் உட்காரவைத்து மதியச் சாப்பாடு. அன்று மாலை எல்லாப் பிள்ளைகளின் பையிலும் ஒரு சீட்டு வந்தது: சிலர் சுவரிலிருந்து சிப்பி பெயர்த்திருக்கிறார்கள், பெற்றோர் பிள்ளைகளின் பைகளைச் சோதிக்கவும். அந்தத் தெருவில் எல்லாத் தாய்மாரும் பைகளைக் கவிழ்த்தார்கள். ராய்ஸ்டனின் கால்சட்டைப் பையில் இது இருந்தது.

"'பீச்சுல பொறுக்கினேம்மா'ன்னான். அறைஞ்சேன். பொய் வேற சொல்றியான்னு இன்னொண்ணு. கையைப் புடிச்சு இங்க இழுத்துட்டு வந்தேன், மன்னிப்புக் கேக்க வைக்கலாம்னு. அஞ்சு மணிக்கே பூட்டிட்டாங்க. கதவு முன்னாடி நின்னு அழுதான். அழட்டும்னு விட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. சனிக்கிழமை கொண்டுவந்து கொடுக்கலாம்னு டிராயர்ல போட்டேன். அப்படியே கெடந்துச்சு." டார்ச்சை அணைத்து மறுபடி போட்டார். "ஆனா அன்னைலேருந்து அவனுக்கு ஒரு பழக்கம் வந்துச்சு. எதைச் சொன்னாலும் கடைசியில 'நம்புனா நம்பு'ம்பான். பள்ளிக்கூடத்துல பரிச்சை வெச்சாங்கம்மா, நம்புனா நம்பு. மழை வருதும்மா, நம்புனா நம்பு. வேணும்னே சொல்லல. நாக்குல ஒட்டிக்கிச்சு. படகுக்குப் போன அன்னிக்குக் காலையில பூட்ஸ் மாட்டிக்கிட்டே சொன்னான், வெள்ளிக்கிழமை வந்துருவேன், நம்புனா நம்பு."

அடுத்த வருடம் ஏவிஸ் மீன் கடையை விட்டுவிட்டு இங்கே வேலை கேட்டு வந்தார். சிப்பியின் இடத்தைக் கண்டுபிடித்து அதை அங்கே வைத்துவிட வேண்டும். அதற்குத்தான். எல்லாப் பள்ளங்களையும் முடிக்க அவருக்கு ஆயுள் போதாது என்று தெரியும். பாதையின் இடதுபக்கம் முடிந்திருந்தது. வலதுபக்கம் பாதி.

அன்று முதல் திங்கட்கிழமைகளில் நானும் போனேன். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அதிகம் பேசமாட்டோம். மூன்று மணிக்கு ஃபிளாஸ்கைத் திறந்து, அவர் வீட்டில் செய்த ரொட்டிப் புட்டிங்கைப் பிட்டுக் கொடுப்பார். உலர்திராட்சையை எனக்கென்று பொறுக்கி வைப்பார், அவருக்குப் பிடிக்காது.

இரண்டாவது வாரமே சிப்பியின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டேன். டார்ச் என் கையில் இருந்தது, பார்க்காமல் இருக்க முடியவில்லை. வழுவழுவென்று இருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"வினிகர்ல போட்டுக் கழுவிட்டேன், அப்பவே," என்றார் வேகமாக. "காரையெல்லாம் கரைஞ்சு போயிருக்கும்."

வினிகரில் போட்டால் முதலில் அந்த மஞ்சள் போயிருக்கும். அது அவருக்கும் தெரியும். நான் டார்ச்சைச் சுவர் பக்கம் திருப்பினேன்.

ஜனவரியில் அறிவிப்பு வந்தது. பழுதுபார்க்க ஆட்கள் வருகிறார்கள். மார்ச் முதல் வாரம் தொடங்கி, வெறும் பள்ளங்களில் எல்லாம் புதுச் சிப்பி பதிக்கப் போகிறார்கள். டெஸ்மண்ட் சந்தோஷமாகப் படித்துக் காட்டினார். "இனி உனக்கு வேலை மிச்சம் ஏவிஸ். உதிர உதிர அள்ள வேண்டாம்."

"ஆமா. உன் தலைக்கும் நாலு மயிர் பதிச்சுத் தரச் சொல்லு," என்றார் ஏவிஸ். ஆனால் கையிலிருந்த வாளியைக் கீழே வைக்க மறந்து வெகுநேரம் நின்றார்.

பிப்ரவரி முழுக்க அவர் ஓய்வு எடுக்கவில்லை. முழங்கால் வீங்கியது. கீழ்வரிசைப் பள்ளங்களுக்குக் குனிய முடியாமல் தரையில் பழைய கோட்டை விரித்துப் படுத்துக்கொண்டு பார்த்தார். சுவரின் ஈரம் அவர் நெஞ்சில் இறங்கி இருமல் பிடித்தது. வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னால், "இந்த வரிசை மட்டும்" என்பார்.

கடைசித் திங்கட்கிழமை. மேலே கூரைத் துளையிலிருந்து வட்டக் கூடத்துக்குள் கொஞ்சம் பகல் விழுந்துகொண்டிருந்தது. இடுப்பு உயரத்தில் ஒரு சூரியன் வடிவம், அதன் கதிரில் ஒரு பள்ளம். ஏவிஸ் சிப்பியை வைத்தார். திருப்பவே தேவைப்படவில்லை. கையை எடுத்தார். நின்றது. சாம்பல் சுவரில் அது மட்டும் மஞ்சளாக இருந்தது.

"ஏவிஸ், பொருந்திடுச்சு!" என்றேன். என் குரல் கூடத்தில் சுற்றியது.

அவர் சந்தோஷப்படவில்லை. கோட்டின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"போன வாரம் அந்தப் பக்கத்துலயும் ஒண்ணுல இப்படித்தான் நின்னுச்சு. நீ மூக்கைச் சிந்திக்கிட்டு இருந்த, கவனிக்கல. போன வருசம் மூணு. மொத்தம் பதினாலு எடத்துல நல்லா உக்காருது கண்ணு."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தரை சில்லென்றிருந்தது.

"இந்தச் சுவத்தை இருபத்தொரு வருசமா பாக்குறேன். எனக்குத் தெரியாதா? முதல் மாசமே தெரியும். இதுல புகை இல்ல. காரை இல்ல. வினிகர்ல எதையும் நான் கழுவல." இருமினார். "இது சுவத்துல இருந்து வந்ததா இருந்தா, நான் அடிச்சது சரி. புள்ள ஒரு தப்பு பண்ணுச்சு, அம்மா கண்டிச்சா, அவ்வளவுதான். அப்படி இருக்கட்டும்னுதான் தேடிக்கிட்டே இருந்தேன். திருடனா இருந்திருக்கக் கூடாதான்னு பெத்தவ வேண்டிக்கிட்டத எங்கயாவது கேட்டிருக்கியா?"

எழுந்து போய் விரல் நுனியால் சிப்பியைச் சுவரிலிருந்து எடுத்தார். கைக்குட்டையில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மூடினார். அவர் கை என் கையைவிடச் சூடாக இருந்தது.

"டெஸ்மண்டோட ஜாடியில போட்டுரு. அதோட எடம் அதுதான். ஆனா சும்மா போடாத. எல்லாரும் ஒரு கடுதாசி வெச்சு அனுப்புறாங்கல்ல, அது மாதிரி ஒண்ணு எழுதி வெச்சுப் போடு. என் பேர்ல. ராய்ஸ்டனுக்கு."

"என்ன எழுதட்டும்?"

"பீச்சுல பொறுக்குனதுதான்னு எழுது. அம்மா நம்புறான்னு எழுது." படியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "பிரெஞ்சுல எழுதிரு கண்ணு. டெஸ்மண்டு படிச்சிருவான்."