எந்தப் பக்கம் ஓடறது?

திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், ஆலைகளில் வாயுக் கசிவைத் தடுப்பது பற்றிப் பொறியாளர்கள் மாநாடு நடந்தது. பெயர்ப்பதிவு, சாப்பாடு, மேடை நேரம் எல்லாம் என் பொறுப்பு. வாசலில் கட்டியிருந்த பேனரைப் படித்துவிட்டு ஒரு அம்மா உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெளுத்த நைலக்ஸ் புடவை, இருமி இருமிக் கரகரத்த குரல்.

"நானும் குந்திக் கேக்கலாமா நைனா?"

வராத ஒருவரின் நாற்காலியைக் காட்டினேன். பேச்செல்லாம் ஆங்கிலம். ஆனாலும் ஒவ்வொருவர் முடித்தபோதும் கைதட்டினார். மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் அவர் தட்டுவது மட்டும் சற்று நேரம் கேட்கும். கேள்வி நேரம் வந்ததும் கையைத் தூக்கினார். அதற்குள் சிறப்பு விருந்தினர் வந்துவிட, தலைவர் கேள்விகளை நிறுத்திவிட்டார். மைக்கோடு பாதி வழியில் நின்றேன்.

பிறகு வாசலில் அவரைப் பிடித்து, "என்னம்மா கேக்க நெனைச்சீங்க?" என்றேன்.

"கேஸு வந்தா சங்கு ஊதுவாங்களாமே. எங்க தெருவுக்கு இந்தாண்ட கம்பெனி, அந்தாண்ட கடலு. எங்க வூட்டுக்காரரால நடக்க முடியாது. அவர தூக்கினு நான் எந்தப் பக்கம் ஓடறது?"

அவரை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பொறியாளர்களைக் கேட்டேன். காற்று வீசும் திசையைப் பொறுத்தது என்றார்கள். வந்து சொன்னேன்.

"அன்னிக்குக் காத்து எப்டி அடிக்கும்னு யாரு நைனா சொல்லுவா?"

அவரே என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

இப்போது அடுத்த மாநாட்டுக்கு நிகழ்ச்சி நிரல் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் கேள்வியை எந்த அமர்வில் சேர்ப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.