ஜானுவின் தங்கத் தேர்வு

பெசன்ட் நகருக்கு வேலைக்கு வர தேவானை இரண்டு பஸ் மாற வேண்டும். ஆற்றங்கரையில் இருந்த வீட்டை இடித்து அவளை ஊருக்கு வெளியே தள்ளிய நாளிலிருந்து இந்த அலைச்சல்தான். வந்ததும் மாளவிகா வீட்டு நாய் ஜானுவைக் கடற்கரைப் பக்கம் கூட்டிப்போவாள், அது வெளிக்குப் போவதைப் பையில் அள்ளுவாள், சோறு வைப்பாள். விரலைக் காட்டினால் உட்காரவும் உள்ளங்கையைக் காட்டினால் அசையாமல் இருக்கவும் பழக்கியது அவள்தான். மாளவிகாவின் பங்கு, போட்டோ எடுத்துப் போடுவது.

நாய்களின் கீழ்ப்படிதலுக்கு ஒரு சங்கம் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படிகளில் தேர்வு வைத்தது. இரண்டை ஜானு தாண்டிவிட்டது.

"தங்கம் வாங்கலேன்னா பாலவாக்கத்துல வாங்கின இடத்துலயே திருப்பி விட்டுடப்போறேன்," என்றாள் மாளவிகா.

பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ள இதென்ன புடவையா? நாக்கு நுனிவரை வந்ததைத் தேவானை விழுங்கிக்கொண்டாள்.

தேர்வன்று காலை மாளவிகா ஜானுவை வெளியே விடவில்லை. "பார்லர்ல குளிப்பாட்டியிருக்கு, அழுக்காயிடும்."

"அதுக்கு வயிறு கீதும்மா," என்றாள் தேவானை. யார் காதில் விழுந்தது?

மைதானத்தில் நடுவர் சித்தார்த்தன் விதிகளைப் படித்தார். நாய் அசுத்தம் செய்தால் உரிமையாளர்தான் அள்ள வேண்டும்; வேறு யார் தொட்டாலும் தேர்வு செல்லாது.

"நானேதான் சார் ட்ரெயின் பண்ணினேன்," என்றாள் மாளவிகா, கூசாமல்.

மூக்கருகே வைத்த பிஸ்கட்டை ஜானு தொடவில்லை. இரண்டு நிமிஷம் தனியே அசையாமல் கிடந்தது. எல்லாம் முடிந்த நேரத்தில், பாவம், நடு மைதானத்தில் முதுகை வளைத்துவிட்டது.

மாளவிகா மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் குதித்தாள். "சீ! தேவானை, ஓடி வா, இதை எடு!"

ஐந்து வருஷமாக அள்ளியும் வராத குமட்டல் தேவானைக்கு இப்போது மாளவிகாவைப் பார்த்து வந்தது. இதுவும் ஒரு ஜென்மமா? ஆனால் அவள் கை பட்டால் ஜானு பாலவாக்கத்துக்குப் போய்விடும். நின்ற இடத்திலிருந்தே கத்தினாள்:

"இன்னாம்மா பாத்துக்கினு நிக்கிற? குனி! எடு!"

அந்தக் குரலுக்கு ஜானு உடனே உட்கார்ந்தது. மாளவிகாவும் குனிந்தாள்.

தங்கம் கிடைத்தது. கழுத்தில் பதக்கத்தோடு ஜானு நேராகத் தேவானையிடம் ஓடி வந்து முழங்காலில் முகத்தைத் தேய்த்தது. பின்னாலேயே மாளவிகா, முடிச்சுப் போட்ட பையை விரல் நுனியில் தொங்கவிட்டபடி வந்தாள்.

"இதைப் பிடி. போட்டோ எடுக்கணும்."

தேவானை இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"நான் தொட்டா செல்லாதும்மா."