எடை பார்த்து எடுத்த புத்தகம்

ரெண்டு வருஷத்துக்கு முன்னால இலங்கை மலைநாட்டு நோர்வூட் டவுன்ல நடந்தது இது. பஸ்ஸுக்கு நின்ன நேரத்துல மழை பிடிச்சுக்கிச்சு. பக்கத்துல இருந்த நூலகத்துக்குள்ள ஒதுங்கினேன். நான் மூணாம் வகுப்போட நின்னவ. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனா அதை யார்கிட்டயும் சொல்லிக்கிறதில்ல.

அங்க இருந்த நூலகக்காரம்மா, "என்ன புத்தகம்மா வேணும்?"னு கேட்டாங்க. மழைக்கு ஒதுங்கினேன்னு சொல்ல வாய் வரல. அட்டையில ராக்கெட் போட்டிருந்த ஒரு தடிச்ச புத்தகத்தைக் காட்டினேன். நாப்பது வருஷம் தேயிலைக் கொழுந்து பறிச்சவ நான். பறிச்ச கொழுந்து எடை கூட நிக்கிறவளுக்குத்தான் எங்க மலையில மதிப்பு. அதே கணக்குல புத்தகத்தையும் எடுத்துட்டேன்.

தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தா பக்கத்து வீட்டுக்காரி சும்மா விடுவாளா? "என்னக்கா, சந்திரனுக்குப் போறீங்களா?"

"ஆமாடி, இடம் இருந்தா உன்னையும் கூட்டிட்டுப் போறேன்."

சொல்லிட்டேனே தவிர, பதினாலு நாள், ரெண்டு கிழமையாகியும் மூணாம் பக்கம் தாண்டல. ஒரு வரி முடியுறதுக்குள்ள முதல் வார்த்தை மறந்து போகும். இனி அந்தப் பக்கமே தலை காட்டக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

எப்படி இருந்திச்சுன்னு நூலகக்காரம்மா கேட்டாங்க. நல்ல புத்தகம்னு சொன்னேன். மூணாம் பக்கத்துல அடையாளத்துக்கு நான் வச்சிருந்த தேயிலை இலை அவங்க கண்ணுல பட்டுருச்சு. சுத்தி நாலு பேர் இருந்தாங்க. நூலகக்காரம்மா இலையை எடுத்து என் கையில கொடுத்துட்டு, மெதுவா கேட்டாங்க: "தோட்டத்துல புதுசா பேர் பதிஞ்ச ஆளை முதல் நாளே செங்குத்து மலையில கொழுந்து பறிக்க விடுவீங்களாம்மா?"

"அது எப்படி? ரோட்டோரத்துத் தேயிலைச் செடி நிரையிலதான் விடுவோம். கை பழகணுமே."

"அப்போ உங்களுக்கும் ரோட்டோரந்தான்"னு மெலிசா ஒரு புத்தகத்தை நீட்டினாங்க. "விஞ்ஞானக் கதை எழுதின பழைய ஆளுங்கள்ல, இவருகிட்ட தொடங்கினா மூச்சு வாங்காது."

முதல் கதையில, வேலை செய்யுறதுக்குன்னே செஞ்ச இயந்திரம் ஒன்னு ஒரு நாள் லீவு கேட்டு நிக்கிது. உனக்கு எதுக்கு லீவுன்னு முதலாளி கேக்குறாரு. இயந்திரத்துக்குப் பதில் சொல்லத் தெரியல. எனக்குத் தெரிஞ்சிச்சு. முடிக்க ஒன்பது நாள் ஆச்சு. முடிச்சதும் திரும்பவும் முதல்ல இருந்து வாசிச்சேன். அடுத்ததா சந்திரனைப் பத்தி எழுதின இன்னொருத்தரோட சின்னப் புத்தகத்தைக் கொடுத்தாங்க.

இப்போ பக்கத்து வீட்டுக்காரி, யாரை முதல்ல வாசிக்கலாம்னு என்கிட்டதான் கேக்குறா. முதல்ல இயந்திரக் கதைக்காரர், கை பழகினதும் சந்திரக் கதைக்காரர்னு சொல்லியிருக்கேன். அட்டையில ராக்கெட் போட்ட அந்தத் தடிச்ச புத்தகக்காரரை இன்னும் யாருக்கும் சொல்லல. அதைத் திரும்ப எடுத்து, இப்போதான் நானே நாப்பதாம் பக்கத்துக்கு ஏறியிருக்கேன். காஞ்சு போன அந்த இலைதான் இன்னமும் அடையாளம். நாலு பேர் முன்னால என்னைத் தெரியாதவளா நிறுத்தாம, எனக்குத் தெரிஞ்ச வேலையை வச்சே வழி காட்டின அந்தம்மாவை நெனைக்காம நான் ஒரு பக்கமும் திருப்புறதில்ல.